நேரில் வந்து பார்க்க வேண்டுகிறேன்

கோபத்தை அடுக்கி வைக்கத் தெரிந்த மனிதர் சேதுபதி. மற்றவர்களுக்குச் சினம் வந்தால் குரல் உயரும், தட்டு பறக்கும். அவருக்கு வந்தால் ஒரு காகிதம் நாலாக மடியும், அதன் மேல் தேதி ஏறும், கட்டிலுக்கு அடியில் இருக்கும் சதுரப் பிஸ்கட் டின்னுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நாளாக நாளாக ஆறிப்போகும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மூடி வைத்த உலையில் சோறு வேகுமே தவிர ஆறுமா?

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே சிங்கப்பூருக்கு வந்தவர். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் வேலை. பெட்டி தூக்குவதில் தொடங்கி, கடிதங்களைப் பார்த்துப் படியெடுக்கும் பொறுப்புக்கு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். வக்கீல்களுக்கும் வங்கிகளுக்கும் போகும் கடிதங்களை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். ஆகையால் அவருடைய ஆங்கிலம் வாயில் வராது. பேனாவில் மட்டும் வரும். பேனாவில் வந்தாலோ கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டுதான் வரும். போகிற கடிதத்துக்கு ஒரு நகல், வருகிற கடிதத்துக்கு ஒரு ரசீது என்பது கிட்டங்கிப் பழக்கம். அது அவருக்கு மூச்சுவிடுவதைப் போலப் படிந்துவிட்டது.

அவருடைய மனைவி ரத்தினம்மா அம்மிக்காரி. தேக்கா சந்தையை அடுத்து, சிராங்கூன் சாலைக் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில், ஒரு தூணோரத்தில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. லைசென்ஸ் அவள் பெயரில். விடிந்ததும் கல்லைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால், மிளகாய்ச் சிவப்பு ஒரு குவியல், மஞ்சள் ஒரு குவியல், மல்லியின் பழுப்பு ஒரு குவியல் என்று தட்டில் உருண்டை உருண்டையாகத் திரளும். மீன் வாங்கியவள் வந்து நின்று, "அரை ராத்தல் பாறை, நாலு பேரு" என்று சொன்னால் போதும். இதில் ஒரு சிட்டிகை அதில் ஒரு சிட்டிகை என்று கிள்ளி, இலையில் மடித்துக் கொடுத்துவிடுவாள். மலாய்க்காரப் பெண்களும் வருவார்கள், சீன வழி நொன்யாமார்களும் வருவார்கள். "யாருக்கு எவ்வளவு காரம்னு என் வெரலுக்குத் தெரியும்" என்பாள். வீட்டில் சேதுபதி இருந்தார். அந்தத் தூணோரத்தில்தான் ரத்தினம்மா இருந்தாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு ஆயுத பூசை வந்தது. கருவியை வைத்துப் பிழைக்கிறவர்கள் அன்று கருவிக்கு ஓய்வு கொடுப்பார்கள். தையல்காரர் இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பார். லாரிக்காரர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். ரத்தினம்மா அம்மியையும் குழவியையும் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, செவ்வந்திச் சரம் சுற்றி, அதே இடத்தில் வைத்துவிட்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். பூசை வைத்த கல்லை மறுநாள் வரை தொடக்கூடாது, தொடுகிறவர்களும் இல்லை.

அன்று காலை அந்தப் பக்கமாக, நடைபாதைக் கடைகளைக் கவனிக்கும் இலாகாவின் அதிகாரி ஒருவர் வந்தார். பெயர் விஸ்வலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், காத்தோங்கில் வீடு. நடைபாதை இடங்களைப் பார்வையிட்டு, வியாபாரம் நடக்கிறதா என்று குறிப்பது அவர் வேலை. குறித்தார். இரண்டு வாரம் கழித்து ரத்தினம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. 'கல் உபயோகத்தில் இல்லை. இடம் கைவிடப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் ரத்துச் செய்யப்படுகிறது.'

சேதுபதி அந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தார். தேதியைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளைக்காரன் ஒருவன் இதை எழுதியிருந்தால் அவருக்கு இவ்வளவு எரிந்திராது. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போகிற மனிதர், பூவும் பொட்டும் வைத்த கல்லைக் கண்ணால் பார்த்துவிட்டு, 'உபயோகத்தில் இல்லை' என்று எழுதியிருக்கிறார்!

இடம், வரிசையில் காத்திருந்த ஓர் ஊதுவத்திக்காரருக்குப் போயிற்று. அந்த அப்பாவியின் மேல் சேதுபதிக்குக் கோபம் இல்லை. அம்மியைக் கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ரத்தினம்மா அழவில்லை. மாடிவீட்டில் கல்லை இறக்கியதும் கீழ்வீட்டுக்காரர் தரை அதிருகிறது என்று கத்தினார். கல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். "ஒன் எடத்த ஒனக்கு வாங்கித் தராம விடமாட்டேன்" என்றார் சேதுபதி. அவள் காத்தோங்கில் ஒரு வக்கீல் வீட்டுப் பின்கட்டில் சமையல் எடுபிடியாகச் சேர்ந்தாள். அங்கேயும் மசாலாதான் அரைத்தாள். வேறொருத்தியின் கல்லில், வேறொருத்தியின் குழம்புக்கு.

சேதுபதி எழுதத் தொடங்கினார். முதல் மனு இலாகாத் தலைவருக்கு. பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிட்ட விஷயம் மீண்டும் ஆராயப்பட்டது. முந்தைய அறிக்கை சரியானதே.' அடுத்த மனு அதற்கும் மேலே இருப்பவருக்கு. பதில் வந்தது, கையெழுத்து வேறு, வாசகம் அதுவே. மூன்றாவதை இன்னும் உயரத்துக்கு அனுப்பினார். தாள் தடிமனாக இருந்தது, முத்திரை பெரிதாக இருந்தது. வாசகம் மட்டும் மாறவில்லை.

அந்த இலாகாவில் கோப்புகளைத் தூக்கிச் செல்லும் பியூனாக இருந்தவர் அஹமது கபீர், கடையநல்லூர்க்காரர். மாலையில் தேக்காவில் தேநீர் குடிக்க வருவார். மூன்று பதில்களையும் சேதுபதி அவர் முன்னால் விரித்து வைத்தார்.

"பாய், மூணு பேருக்கு எழுதினேன். மூணு பேரும் ஒரே வாயால பேசறாங்களே, எப்படி?"

கபீர் சிரித்தார். "அண்ணே, நீங்க கவர்னருக்கே எழுதுங்களேன். பெரிய தொர படிப்பாரு, ஓரத்துல 'ரிப்போர்ட் ப்ளீஸ்'னு எழுதுவாரு. அடுத்த தொர அவரு பங்குக்கு ஒரு கோடு கிழிப்பாரு. அப்படியே படிப்படியா எறங்கி, கடைசில நான்தான் கொண்டுபோய் விஸ்வலிங்கம் சார் மேசையில வைக்கிறேன். அவரு எழுதுறதுதான் பதிலு. அது மறுபடி படியேறிப் போயி, பெரிய தொர கையெழுத்த வாங்கிக்கிட்டு உங்க வூட்டுக்கு வருது."

"குத்தம் யாரு மேலயோ அவனே தீர்ப்பும் எழுதுவானா?"

"வேற யாருண்ணே எழுதுவா? அந்த எடத்தப் போய்ப் பாத்தது அவரு ஒருத்தருதானே லா."

சேதுபதி மூன்று காகிதங்களையும் தேதிவாரியாக மடித்தார்.

ஐம்பத்தொன்பதில் தேர்தல் வந்தது. குடியுரிமை பெற்ற ஒவ்வொருவரும் கட்டாயம் வாக்களிக்க வேண்டும் என்றது சட்டம். ரத்தினம்மாவுடன் வரிசையில் நின்று, வாழ்க்கையில் முதல் தரமாக வாக்குச்சீட்டில் குறியிட்டுவிட்டு வந்தார் சேதுபதி. புதிய அரசாங்கம் வந்தது. தொகுதி உறுப்பினர் வாரம் ஒரு மாலை ஒரு கடைவீட்டில் உட்கார்ந்து மக்களின் குறை கேட்டார். துரைமார்கள் போகப்போகிறார்கள், ஆபீசெல்லாம் இனி நம்முடையது என்று தெருவெங்கும் பேச்சு. சேதுபதியும் போனார், டின்னையே கொண்டுபோனார். உறுப்பினர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார், "கண்டிப்பா எழுதுறேன் ஐயா" என்றார். எழுதினார். பதிலும் வந்தது.

'முந்தைய அறிக்கை சரியானதே.'

ஆட்சி மாறியும், கொடி மாறியும், அந்த மேசை மட்டும் மாறவில்லை. அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். காகிதத்தை மடிக்கப் போனவர், கடைசியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு வரியைக் கண்டார். உறுப்பினர் வழியாக வரும் எந்த மனுவுக்கும் உரிய அதிகாரி இனிமேல் நேரில் சென்று பார்த்து, மனுதாரரிடம் 'வந்து பார்த்தார்' என்று ஒப்பம் பெற்று, அதன் பிறகே அறிக்கை எழுத வேண்டும். இது புதிய அரசாங்கத்தின் கட்டளை. அவருடைய பழைய விவகாரத்துக்கு அது பொருந்தாது, ஏனென்றால் பார்க்க வேண்டிய கல் இப்போது அங்கே இல்லை. ஆனால் வருகிற மனுக்களுக்கு?

எல்லா மனுவும் அந்த மேசைக்குத்தான் இறங்கி வரும் என்றால், இறங்கட்டும். மழை போல் இறங்கட்டும்.

மறுநாள் தொடங்கினார். கெர்பாவ் சாலையில் சலவைக்குப் போகும் ரபியா, வீட்டுக்குப் பின்னால் நடைபாதைக் கடைகளின் கழிவு தேங்கிப் புழு நெளிகிறது என்று நெடுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். "எழுதித் தரவா?" என்றார் சேதுபதி. யாக்கூப்பின் முடிதிருத்தும் கடைக்கு முன்னால் எவனோ பெட்டிகளை அடுக்கி வழியை மறித்திருந்தான். "எழுதித் தரவா?" ஒரு பலகாரக் கடையின் அடுப்புப் புகை எதிர்வீட்டுக் குழந்தையை இரும வைத்தது. எழுதித் தந்தார். எல்லா மனுவையும் உறுப்பினர் வழியாகவே அனுப்பவைத்தார். காசு வாங்கவில்லை. ஒன்றை மட்டும் தமக்கு விதித்துக்கொண்டார்: ஒரு மனுவிலும் ஒரு பொய் இருக்கக்கூடாது. பொய் இருந்தால் அந்த மனிதருக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும். உண்மையான குறைகளுக்கா சிராங்கூன் சாலையில் பஞ்சம்? ஒவ்வொரு மனுவும் தேன் போல் மரியாதையாகத் தொடங்கும். ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடியும்: 'உரிய அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டுகிறேன்.'

விஸ்வலிங்கம் வந்தார். வந்துகொண்டே இருந்தார்.

வெள்ளைக் காற்சட்டை, கழுத்துப்பட்டை, கையில் குடை. ரபியாவின் பின்சந்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். "இன்னும் உள்ள போய்ப் பாருங்க சார், அங்கதான் நல்லாத் தெரியும்" என்று ரபியா வழிகாட்டினாள். சப்பாத்து கணுக்கால்வரை புதைந்தது. யாக்கூப் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "ஒப்பமா சார்? இந்தத் தல முடியட்டும், நில்லுங்க" என்றார். பலகாரக் கடைக்காரர் புகையை அளக்க அடுப்பை ஏற்றட்டுமா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் எதிர்ச்சாரிக் காப்பிக்கடையில், வாசலைப் பார்த்த மேசையில், சேதுபதி உட்கார்ந்திருப்பார். எழுந்து போகமாட்டார், வணக்கம் சொல்லமாட்டார், சிரிக்கவும் மாட்டார். கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் காப்பியின் அடிமண்டியைக் குடிப்பார். அவர் வாழ்க்கையில் குடித்த காப்பிகளில் அவைதான் இனிப்பானவை.

"இன்னிக்கு மதியச் சோறே திங்கல அண்ணே" என்பார் கபீர். "ஒரு ட்ரே நிறைய உங்க கையெழுத்து. ஒண்ணு முடிச்சா ரெண்டு வருது. பங்கா அடியில உக்காந்திருந்த மனுசன் கறுத்தே போயிட்டாரு."

"இன்னும் கறுப்பாரு" என்பார் சேதுபதி.

இதில் யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ரபியாவின் சாக்கடை சுத்தமாயிற்று. பெட்டிகள் அகன்றன. தெருவில் சேதுபதிக்குப் பெயர் வந்துவிட்டது. "ஏழைங்களுக்காக இப்படி ஒருத்தர் உண்டா?" என்றார்கள். கோயிலில் முன்னால் நிற்க இடம் விட்டார்கள். உறுப்பினர் ஒரு கூட்டத்தில் அவருக்கு மாலை போட வேண்டும் என்றார். வேண்டாம் என்று அவர் மறுத்ததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரத்தினம்மாவுக்கு மட்டும் தெரியும். "ஊரு ஒங்களப் புண்ணியவான்னு சொல்லுது. வெஷத்த உள்ள வெச்சுக்கிட்டு வெளிய மருந்து விக்கிறீங்க" என்றாள் ஒருநாள், காத்தோங்கிலிருந்து வந்து காலை நீட்டிக்கொண்டே.

அறுபதாம் ஆண்டின் கடைசியில், ஒரு மனு பார்வையை முடித்த விஸ்வலிங்கம் குடையை மடக்கிக்கொண்டு நேராகக் காப்பிக்கடைக்குள் வந்தார். சேதுபதியின் மேசை முன்னால் நின்றார்.

"நீர்தானே சேதுபதி?"

"உக்காருங்க சார். இத்தன வருசமா கடிதாசிலயே பேசிக்கிட்டிருந்தோம். கோப்பி-ஓ சொல்லட்டா?"

விஸ்வலிங்கம் உட்கார்ந்தார். காற்சட்டை விளிம்பில் சாக்கடைக் கறை காய்ந்திருந்தது. "எனக்கு உம்மிலை ஒரு கோவமும் இல்லைப் பாரும். அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை."

"அதுதான் சார் எனக்குத் தாங்கல. கோவத்துல பண்ணியிருந்தீங்கன்னா நாங்களும் ஆளுங்கன்னு இருந்திருக்கும். பூ வெச்சு, பொட்டு வெச்சு இருந்த கல்லு. அது என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? அண்டைக்கு என்ரை வீட்டிலையும் பூசை. மத்தியானத்துக்கு முன்னம் போகவேணும், பார்க்கிறதுக்கு எத்தினையோ இடம் கிடந்தது. கல்லு சும்மா கிடந்தது. உபயோகத்திலை இல்லை எண்டு எழுதினன். அதிலை என்ன பொய்? பூ வைச்சிருக்கு எண்டு எழுத அந்தப் படிவத்திலை ஒரு பெட்டி இல்லை, விளங்குதோ?"

"அப்புறம் மூணு தடவ, நாலு தடவ கேட்டோமே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"ஒருக்கா எழுதினதை எப்பிடி மாத்திறது? மேலை இருக்கிறவை கையெழுத்துப் போட்டிட்டினம்." குரலைத் தாழ்த்தினார். "சொல்லிறதைக் கேளும். தேக்காச் சந்தைக்குள்ளை ஒரு இடம் வெறுமையாகுது. தண்ணிக் குழாயும் கிட்ட. நான் பார்த்துச் செய்து தாறன். நீர் இந்தக் கடிதங்களை நிப்பாட்டும்."

"செஞ்சது தப்புன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் எடம்."

"அது ஏலாது ஐசே. எங்கடை துரை ஊருக்குப் போறார். அவரின்ரை கதிரைக்கு என்ரை பெயரும் போயிருக்கு. இப்ப அப்பிடி ஒரு வசனம் எழுதினால் எல்லாம் முடிஞ்சுது."

சேதுபதியின் காதில் அது சங்கீதம் போல் விழுந்தது. இந்த மனிதருக்கு எங்கே வலிக்கும் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது; தாமே வந்து தொட்டுக் காட்டிவிட்டார்.

"அப்ப அடுத்த வாரம் பஃபலோ ரோட்டுல பாப்போம் சார். அங்க ஒரு மீன்கடைத் தண்ணி படியில எறங்குதாம். வழுக்கும், பாத்து வாங்க."

விஸ்வலிங்கம் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

வீட்டில் சேதுபதி இதைச் சொல்லவில்லை. ஆனால் தேக்காவில் நடந்தது எது ரத்தினம்மா காதுக்கு எட்டாமல் போயிற்று? மறுநாள் மாலை வந்தவள் பையை இறக்கவில்லை.

"சந்தைக்குள்ள எடம் தர்றேன்னு சொன்னாராமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு. வேணாம்னுட்டேன்."

"லைசென்ஸ் யாரு பேருல இருந்துச்சு?"

சேதுபதி பிஸ்கட் டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"கல்லு யாரோட கல்லு? கை யாரோட கை? அந்த வக்கீல் வூட்டம்மா, 'ரத்தினம், உப்பு கூடிப்போச்சு'ன்னு டெய்லி சொல்றா. என் கையில உப்பு கூடிப்போச்சாம்! கேட்டுக்கிட்டு நிக்கிறேன். எதுக்கு? எம் புருசன் எனக்கு எடம் வாங்கித் தரப்போறாருன்னு. எடம் வாங்கக் கெளம்புன ஆளு, நடுவழில ஆள் வேட்டைக்குப் போயிட்டீங்க."

"அவன ஒப்புக்க வைக்கணும் ரத்தினம். இல்லேன்னா அது பிச்ச."

"பிச்சையா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அடுத்த நாள் அவள் காத்தோங்குக்குப் போகவில்லை. நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை முந்தைய நாளே இழந்திருந்தார். கிட்டங்கியில் அன்று படியெடுத்த கடிதத்தில் இரண்டு இடத்தில் பிழை விழுந்தது. மாலை வீட்டுக்கு வந்தபோது ரத்தினம்மா தரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். எதிரில் ஒரு நீண்ட பழுப்பு உறை.

"எடம் கெடச்சிருச்சு. சந்தைக்குள்ள, கொழாய்க்குப் பக்கத்துல."

"அவன் என்ன கேட்டான்?"

"'உம்முடைய மனுசன் கடிதம் எழுதுறத நிப்பாட்டவேணும்'னாரு. நான் சொன்னேன், 'எம் புருசன் கைய நான் எப்படிய்யா புடிக்கிறது? வேணும்னா அதுக்கு ஒரு மனுப் போடுங்க'ன்னு."

சேதுபதிக்குத் தம்மையறியாமல் சிரிப்பு வந்தது. நெடுங்காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"கபீர் பாய் கூட ஃபைலால மூஞ்ச மறைச்சுக்கிட்டாரு. அப்புறம் அவரு, 'சரி, எடத்த எடுத்துக்கொள்ளும், ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்'னாரு. நான் நவுரல. 'எனக்கு முன்னாடி வரிசையில எத்தனையோ பேரு நிக்கிறாங்க, அவங்களும் என்ன மாதிரி இல்லாதப்பட்டவங்கதான். நாளைக்கு அதுல ஒருத்தி, இவளுக்கு மட்டும் எப்படிக் குடுத்தேன்னு கேட்டு மனுப் போடுவா. எழுதிக் குடுக்க எம் புருசனே இருக்காரு, அவரு யாரு கேட்டாலும் எழுதிக் குடுப்பாரு. அப்ப நீங்க என் எடத்தத் திரும்பப் புடுங்குவீங்க. அதனால எதுக்குக் குடுத்தீங்கன்னு காரணத்த எழுதிக் குடுங்க'ன்னேன்."

சேதுபதி உறையை எடுத்துப் பிரித்தார்.

"ரொம்ப நேரம் பேனாவ வெச்சுக்கிட்டே இருந்தாரு" என்றாள் ரத்தினம்மா. "வரிசையத் தாண்டிக் குடுக்கணும்னா சட்டத்துல ஒரே ஒரு காரணத்துக்குத்தான் எடமாம். வேற எது எழுதினாலும் லஞ்சம் வாங்கினாரான்னு கேள்வி வருமாம். எடம் வந்தா ஒங்க கடிதம் தானா நிக்கும்னு நெனச்சாரு போல, எழுதினாரு. கபீர் பாயக் கூப்புட்டு, சத்தமாப் படிச்சுக் காட்டுங்கன்னு கேட்டு, அப்புறம்தான் கையில வாங்கினேன்."

கையால் எழுதிய வரி தாளின் நடுவில் இருந்தது. 'இம்மனுதாரரின் லைசென்ஸ் முன்னர் பார்வையிட்ட அதிகாரியின் தவற்றினால் ரத்துச் செய்யப்பட்டது. ஆகையால் வரிசையை மீறி இடம் ஒதுக்கப்படுகிறது.' கீழே கையெழுத்து: விஸ்வலிங்கம். வேறு யாருடைய கையெழுத்தும் இல்லை. இது படியேறிப் போகவில்லை. அந்த மேசையிலேயே பிறந்து, அங்கிருந்தே வெளியே வந்திருக்கிறது.

"என் எடம் எனக்கு வந்திருச்சு" என்றாள் ரத்தினம்மா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "லைசென்ஸ் என் கையில. காகிதம் ஒங்க கையில. இனிமே ஒங்களுக்கும் அவருக்கும் என்ன உண்டோ அது ஒங்க பாடு. நான் கேக்கமாட்டேன்."

சேதுபதி ஒரு வாரம் எதுவும் எழுதவில்லை. ரத்தினம்மா சந்தைக்குள் கல்லைப் போட்டு உட்கார்ந்து, பழைய ஆட்கள் ஒவ்வொருவராக அவளைத் தேடிக் கண்டுபிடித்து வரும்வரை காத்திருந்தார். லைசென்சில் முத்திரை விழுந்து, பெயர் பதிவாகி, இனி எவரும் எளிதில் பறிக்க முடியாது என்று கபீர் வந்து சொன்ன பிறகு, பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

அவர் எழுதியது மனு அல்ல. நன்றிக் கடிதம்.

அவர் அதுவரை எழுதியவற்றில் மிக அழகான ஆங்கிலம் அதில்தான் இருந்தது. இலாகாத் தலைவருக்கு ஒன்று, அவருக்கு மேலே இருப்பவருக்கு ஒன்று, உறுப்பினருக்கு ஒன்று. 'தம் தவற்றைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொள்ளும் அதிகாரி அரிதிலும் அரிது. அத்தகையவர் தங்கள் இலாகாவில் இருப்பது மக்களின் பேறு. அவருடைய நேர்மையைத் தாங்கள் முழுமையாக உணரும் பொருட்டு, அவர் இப்போது அளித்துள்ள கடிதத்தின் நகலையும், இதே விஷயத்தில் "முந்தைய அறிக்கை சரியானதே" என்று தங்கள் அலுவலகம் கையெழுத்திட்டு அனுப்பிய நான்கு பதில்களின் நகல்களையும் இணைத்துள்ளேன்.' ஒரு கடுஞ்சொல் இல்லை. ஒரு பொய் இல்லை. குடிமகன் நன்றி சொல்வதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

நான்கு பதில்களிலும் கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஓர் ஏழைப் பெண்ணின் கல்லை எடுத்ததற்காக எந்த ஆபீசும் தன் ஆளைத் தண்டித்ததில்லை. ஆனால் மேலதிகாரியின் கையெழுத்தைப் பொய்யாக்கியவனை எந்த ஆபீசும் மன்னித்ததும் இல்லை. கிட்டங்கியில் இருபது ஆண்டு கடிதம் படியெடுத்தவருக்கு இது தெரியாதா?

கடிதங்களைப் பதிவுத் தபாலில் சேர்த்தார். மூன்று ரசீதும் வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, சந்தை ஓய்ந்துகொண்டிருந்த வேளையில், கபீர் மூச்சிரைக்க வந்தார். ரத்தினம்மா கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேதுபதி கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, எறங்கிருச்சு! உங்க நன்றி மேல போயி, ஒரு தொர பாத்து, இன்னொரு தொர பாத்து, மூணு பேரு ஓரத்துல எழுதி, எறங்கிருச்சு. நானே கொண்டுபோய் வெச்சேன். என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? 'விளக்கம் தேவை'. ஒரு ஆளு செவப்பு மையில ரெண்டு கோடு போட்டிருக்காரு."

"யாரு மேசையில வெச்சீங்க?"

"யாரு மேசை? அவரு மேசைதான். அவரு பண்ணதப் பத்தி அவரேதான் ரிப்போர்ட் எழுதணும்!"

சேதுபதி கண்ணை மூடித் திறந்தார். "வெச்சதும் என்ன பண்ணினாரு?"

"படிச்சாரு. மறுபடி படிச்சாரு. கழுத்துப்பட்டையத் தளத்தினாரு. 'கபீர், தேத்தண்ணி கொண்டு வாரும்'னாரு. கொண்டுபோய் வெச்சேன். ஆறி ஆடை கட்டுற வரைக்கும் தொடல. பக்கத்து மேசைக்காரரு என்ன சார்னு கேட்டாரு. 'ஒண்டுமில்லை, ஒரு ஆள் நன்றி சொல்லியிருக்கிறார்'னாரு. அந்தக் கதிர வேற ஆளுக்குப் போகுதாம்ணே. இவர கிராஞ்சிப் பக்கம் கோழிப்பண்ண பாக்க அனுப்பப்போறதாப் பேச்சு. பஸ்ஸே சரியாப் போகாத எடம்."

ரத்தினம்மா குழவியைக் கழுவி நிமிர்த்தி வைத்தாள். "சரி, முடிஞ்சிருச்சுல்ல. வூட்டுக்குக் கெளம்புங்க. அந்த மனுசனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்."

"இருக்கட்டும்" என்றார் சேதுபதி. "எனக்கும் பொண்டாட்டி இருந்தா. காத்தோங்குல அடுத்தவ கல்லுல அரைச்சுக்கிட்டு இருந்தா."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தட்டுகளை அடுக்கப் போனாள். சேதுபதி வாளியைக் கபீர் பக்கம் நகர்த்திப்போட்டு, இன்னும் நெருக்கமாக உட்கார்ந்தார்.

"பாய், மொதல்லேருந்து சொல்லுங்க. அவசரப்படாதீங்க. ஃபைல வெச்சீங்க. அவரு கைய நீட்டினாரு. அப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சு?"